சீட்டு கேட்கும் முன்

ஆசிரியருக்கு,

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் ஏழை நாட்டு மக்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவது பழைய வழக்கம். பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 நோபல் உரையில், தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொண்ட கற்பனை மனிதர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. அதே கிருமி தொற்றிய மனைவிக்குப் பென்சிலின் பலிக்கவில்லை, இறந்துபோனார். எச்சரிக்கை சரிதான். ஆனால் அந்த மனிதர் ஏன் மருத்துவரிடம் போகவில்லை?

தினக்கூலிக்காரருக்கு மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. பஸ் கட்டணம் தனி. வரிசையில் அரை நாள் நின்றால் ‘மருந்து இருப்பில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற பதில். இருந்தாலும் என்ன? ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை அல்ல; காய்ச்சல் வைரஸாலா பாக்டீரியாவாலா என்று பார்க்கவோ பரிசோதனை வசதி கிடையாது. ஆகவே மருத்துவரும் முன்னெச்சரிக்கையாக அதே மாத்திரையைத்தான் எழுதுகிறார். பெயர் தெரிந்த பிறகு அடுத்த முறை எதற்கு வரிசை?

மருந்துக் கடையோ இரவிலும் திறந்திருக்கிறது. கையில் இருக்கும் காசுக்கு நான்கு மாத்திரைகளைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறார் கடைக்காரர். காலாவதித் தேதி அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடுகிறது. வைரஸ் காய்ச்சலாக இருந்தால் மூன்றாம் நாள் தானாகவே தணியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகப் பெயர் மாத்திரைக்குப் போகிறது. மிச்சம் இருப்பது அடுத்த வீட்டுக் குழந்தைக்கு. (இதில் பாதி படித்தவர் வீடுகளிலும் நடப்பதுதான்.)

கேடு சிறிதல்ல. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. அதே ஏழை நாடுகளில்தான் நிமோனியா கண்ட குழந்தைகள் சாதாரண ஆன்டிபயாடிக்கூடக் கிடைக்காமல் சாகிறார்கள். அதனால்தான் ‘சீட்டில்லாமல் விற்றால் கடைக்குச் சீல்’ என்ற தீர்வு எனக்கு அச்சமூட்டுகிறது. கடையை அடைத்த அன்று மாலை, வேலை முடிந்து காய்ச்சல் குழந்தையோடு வருகிற தாய் எங்கே போவார்?

சட்டத்தை அமல்படுத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே சுகாதார நிலையம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். உடனே முடிவு தரும் பரிசோதனையும், முழு நாட்களுக்கான மாத்திரையும் அங்கே இருக்க வேண்டும். சீட்டு எங்கே என்று அதன் பிறகு கேட்கலாம்.

– ஒரு வாசகர்