வேலைக்கும் வலைக்கும் நடுவே

ஆசிரியருக்கு வணக்கம்.

மெஸ்ஸி தவறவிட்ட பெனால்டிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 2018 உலகக் கோப்பை தவறாமல் வந்துவிடுகிறது. மாஸ்கோவில் மெஸ்ஸியின் அர்ஜென்டினா ஐஸ்லாந்துடன் 1-1 என டிரா செய்த ஆட்டம் அது. ஆனால் அந்தப் பந்தைத் தடுத்தவரின் பெயரை யாரும் சொல்வதில்லை. அவர் ஐஸ்லாந்து கோல்கீப்பர் ஹானஸ் ஹால்டோர்சன்.

கிட்டத்தட்ட முப்பது வயது வரை அவருக்குச் சோறு போட்டது கால்பந்து மட்டுமல்ல. விளம்பரப் படமும் மியூசிக் வீடியோவும் இயக்கினார், மற்ற நேரத்தில் ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக்கின் கே.ஆர். அணிக்குக் கோல் காத்தார். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு 2012இல் போன ஐஸ்லாந்து பாடலின் வீடியோகூட அவர் எடுத்ததுதான். 2014இல் நார்வே கிளப்பில் சேர்ந்த பிறகே முழுநேர ஆட்டக்காரர் ஆனார். இரண்டே ஆண்டில் யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என வீழ்த்திய ஐஸ்லாந்து அணியின் கோல்கீப்பரும் இவரே!

மெஸ்ஸி பெனால்டியைத் தடுத்தது குருட்டு அதிர்ஷ்டம் என்றார் என் நண்பர். இல்லை. மெஸ்ஸி முன்பு அடித்த பெனால்டிகளை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் களமிறங்கியதாக ஹால்டோர்சனே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். படமெடுக்கிறவர் அல்லவா, ஃபுட்டேஜைப் பார்க்கத் தெரியாதா? அன்றைய ஐஸ்லாந்து அணியின் பயிற்சியாளரும் ஒரு பல் மருத்துவர் என்பது தனிக் கதை.

கோல் அடிப்பவர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சரி. பகலில் ஒரு வேலை, மாலையில் கையுறை என்று ஓடும் கோல்கீப்பர்களைப் பற்றியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுங்களேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.