‘ஒத்துக்கோ தம்பி’ என்று சொல்லும் வக்கீல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் பறிப்பில் 16, 17 வயதுப் பையன்கள் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் உங்கள் வாசகர் பகுதியில் நாலு கடிதம் வருகிறது. ‘சிறார் என்று சொல்லிச் சட்டம் தப்பவிடுகிறது, பெரியவர்களைப் போலவே உள்ளே தள்ள வேண்டும்’ என்பதுதான் நாலிலும் இருக்கும். அந்தக் கோபம் புரிகிறது, பொருளைப் பறிகொடுத்தவருக்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும். ஆனால் சார்பு சட்டத் தன்னார்வலராக, அதாவது வக்கீல் இல்லாமல் சட்ட உதவிக்கு வழிகாட்டுகிறவனாக, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராந்தாவில் சில வருடங்கள் நின்றவன் நான். பையன்கள் தப்பிப்பதை அங்கே அதிகம் பார்க்கவில்லை. அவர்கள் தரப்பை யாரும் ஒரு வார்த்தை பேசாமலே வழக்கு முடிந்துபோவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எப்படி என்றால், பையனை அப்பா கூட்டி வந்திருப்பார். பெயிண்டர், லோடுமேன், இப்படி ஏதாவது வேலை. அன்றைய கூலி போச்சு என்ற கணக்கு முகத்திலேயே தெரியும். வக்கீல் வேறு ஏதோ கோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு ஓடி வருவார். படியேறிக்கொண்டே வழக்குக் கட்டைப் பிரித்து, ‘உன் பேர் என்னப்பா?’ என்று கேட்பார். அடுத்த வாக்கியம் ‘உள்ள கேட்டா ஆமான்னு சொல்லிடு தம்பி, திட்டி அனுப்பிடுவாங்க, இன்னிக்கே முடிஞ்சிடும்’. அன்று எடுத்தது யார், பைக்கை ஓட்டியது யார், இவன் வெறுமனே பின்னால் உட்கார்ந்திருந்தானா, எதுவும் கேட்பதில்லை. அப்பாவுக்கும் நிம்மதி, இன்னொரு நாள் கூலி மிச்சம். பையன் உள்ளே போய்த் தலையாட்டிவிட்டு வருவான். ஒரு தடவை ஒரு பையன் வெளியே வந்து என்னிடம், ‘அண்ணா, நான் எதுக்கு ஆமான்னு சொன்னேன்?’ என்று கேட்டான். கட்டை ஆராய்ந்து பார்த்ததில், அவன் மேல் இருந்த குற்றச்சாட்டில், அவனோடு இருந்தவன் சொன்ன பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது என்னவென்றால், இந்த மாதிரிச் சின்ன வழக்குகளில் சட்டமே பையன் பக்கம் நிற்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், அதிகபட்சம் 3 ஆண்டு வரை தண்டனை உள்ளவற்றைச் சிறு குற்றம் என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டும் பறிப்பும் அதற்குள்தான் வரும். 14ஆம் பிரிவின்படி, பையன் முதலில் ஆஜரானதிலிருந்து 4 மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 2 மாதம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கு அத்தோடு முடித்துவைக்கப்பட வேண்டும். சாட்சியைக் கொண்டுவர வேண்டியது போலீஸின் வேலை, ஆறு மாதத்தில் கொண்டுவர முடியாவிட்டால் கதை முடிந்தது. இது தெரிந்த வக்கீல் எதற்காக முதல் நாளே ‘ஆமாம்’ சொல்லச் சொல்கிறார்? நேரமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. சட்ட உதவிப் பணிக்குக் கொடுக்கிற கட்டணம் பஸ் செலவுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடுகிறது என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சரி, அதற்குப் பையன் என்ன செய்வான்?

‘எச்சரித்துத்தானே அனுப்புகிறார்கள், அதனால் என்ன கெட்டுப்போச்சு’ என்று கேட்கலாம். 24ஆம் பிரிவின்படி சிறார் வழக்கில் வந்த முடிவு பின்னாளில் எதற்கும் தகுதிக் குறைவு ஆகாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவருக்கு சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தது தவறு என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் எழுதிவைத்த பெயர் அழிவதில்லை, அடுத்த தடவை அந்த ஏரியாவில் எது காணாமல் போனாலும் ஜீப் அதே வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. ஒத்துக்கொண்ட பையனுக்கு அப்போது ‘நான் இல்லை சார்’ என்று சொல்லக்கூட வாய் வராது.

பையன் குழுமத்துக்கு வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கும் அனுப்பக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது. கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ தவிர எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகள். இலவச வக்கீல் ஏற்பாடு செய்யும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அப்போதே தகவல் போக வேண்டும். இதில் எத்தனை நடக்கிறது என்பது உங்கள் நிருபர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வயது விஷயமும் உண்டு. மீசை அரும்பியிருந்தால் போதும், எஃப்.ஐ.ஆரில் 19 என்று எழுதி நேராக ஜெயிலுக்கு ரிமாண்ட். அம்மா ஆதார் கார்டைத் தூக்கிக்கொண்டு அலைவார். ஆனால் 94ஆம் பிரிவு சொல்கிற பட்டியலில் ஆதாரே கிடையாது. பள்ளி கொடுக்கும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிறந்த தேதிச் சான்று வாங்கி வாருங்கள் என்று முதல் நாளே ஒருவர் சொன்னால் தீர்ந்தது. யாரும் சொல்லாவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சம்பவத்தின்போது 12 வயதுதான் என்பது நிரூபணமாகி, தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஒருவரை 28 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு 2023இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வழக்கு முடிந்த பிறகுகூட எந்தக் கட்டத்திலும் இந்த வாதத்தை வைக்கலாம் என்பதால் அவர் பிழைத்தார்.

பெரிய வழக்குகளில் வக்கீல் இல்லாவிட்டால் இன்னும் மோசம். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்று இருப்பவை கொடிய குற்றம். 16 வயது முடிந்தவன் மேல் அப்படிப்பட்ட வழக்கு வந்தால், 15ஆம் பிரிவின் கீழ் முதல்கட்ட மதிப்பீடு செய்து, அவனைப் பெரியவனாகப் பாவித்து விசாரிக்கலாமா என்று குழுமம் முடிவெடுக்கும். கொலை வழக்கு மட்டும்தான் இதில் மாட்டும் என்று நினைக்காதீர்கள். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் காதலித்து ஊரை விட்டுப் போய், பெண் வீட்டார் புகார் கொடுத்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு. உடலுறவு என்று எழுதப்பட்டுவிட்டால் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு, ஆகவே அதுவும் கொடிய குற்றம்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2019லும் 2021லும் இளவயதுக் காதல் வழக்குகளைப் போக்சோவில் இப்படிப் பார்ப்பது பற்றிக் கவலை தெரிவித்திருக்கிறது, ஆனால் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இந்த மதிப்பீட்டைக் கையில் எடுத்து எதிர்க்க ஆள் வேண்டும். பையனோடு அரைமணி நேரம் பேசிவிட்டு ‘செயலின் விளைவை உணரும் பக்குவம் உள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த ஒரு வரியில் அவன் வழக்கு, பெரியவனைப் போல விசாரிக்கக்கூடிய குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய்விடலாம். குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு அவ்வளவு தூரம் போனதற்கே காரணம், அறிக்கைகளைக் கேட்டு, நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று சண்டை போட ஒரு வக்கீல் இருந்ததுதான். பெயிண்டர் மகனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

ஜாமீனிலும் இதே பிரச்சினை. 12ஆம் பிரிவில் ஜாமீன்தான் விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும், இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் 7 நாள் போனால் நிபந்தனையை மாற்றச் சொல்லிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் பையன், விசாரணை முடியும்வரை சிறார்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில்தான் இருப்பான். இல்லம் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 2022 டிசம்பரில் பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன், செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்குப் போன சில நாட்களிலேயே இறந்துபோனதும், ஊழியர்கள் கைதானதும் நினைவிருக்கும். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2023இல் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை என்ன ஆயிற்று என்று நீங்களாவது தொடர்ந்து எழுதுங்கள்.

அப்புறம் உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். பெயரை மட்டும் விட்டுவிட்டு ஊர், தெரு, பள்ளி, வகுப்பு, அப்பாவின் தொழில் எல்லாம் போடுகிறீர்கள். அந்தத் தெருவில் அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவன் யார் என்பது ஊருக்கே தெரியும். 74ஆம் பிரிவு பெயரோடு சேர்த்து இதையெல்லாமும்தான் தடுக்கிறது, மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த விவரங்களை எடுத்துவிட்டால் கிடைக்கிற இடத்தில், குழந்தைகளுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம் என்று ஒரு வரி போடுங்கள். பேப்பரைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிற அம்மாவுக்கு அந்த ஒரு வரி உதவும்.

இப்படிக்கு,
ஒரு சார்பு சட்டத் தன்னார்வலர்