பழைய குப்பிகளை அகற்றச் சொன்ன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பத்தாண்டுக்கு மேற்பட்ட மாதிரிகளை மாதக் கடைசிக்குள் அகற்றி ஃப்ரீசர்களைக் காலி செய்யும்படி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. தயவுசெய்து அதைத் திரும்பப் பெறுங்கள்.

நீங்கள் அகற்றச் சொல்வது கிளிசரால் என்ற காப்புத் திரவத்தில் உயிரோடு உறையவைத்த காலராக் கிருமிகளை. எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒவ்வொரு குப்பியிலும் எழுதியிருக்கிறது. அந்த ஆண்டுதான் எங்களுக்கு உயிர். இக்கிருமியின் மரபணுத்தொகுதியில் சுமார் 40 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். அவற்றில் ஆண்டுக்கு மூன்று, நான்கு எழுத்துகள்தான் மாறுகின்றன. அதை எண்ணித்தான் எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று சொல்கிறோம். 1961-ல் இந்தோனேசியாவில் தலைகாட்டிய ஏழாவது காலராப் பெருந்தொற்று, வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து மூன்று அலைகளாக உலகெங்கும் போனது என்று 2011-ல் காட்ட முடிந்ததே, எப்படி? பல நாடுகளில் யார் யாரோ பழைய குப்பிகளை வீசாமல் வைத்திருந்ததால்தான். இன்றைய கிருமியை இன்று எடுத்துவிடலாம். 1992-ல் சென்னையில் புதிதாகக் கிளம்பிய ஓ139 என்ற காலராக் கிருமி வகையின் அன்றைய மாதிரியை இனி எந்த நோயாளியிடம் போய்க் கேட்பது?

"மரபணு எழுத்து வரிசைதான் கணினியில் இருக்கிறதே" என்று கூட்டத்தில் சொன்னீர்கள். சரி, நாளை ஒரு புது மருந்து வந்தால் அதைக் கணினியில் ஊற்றியா சோதிப்பது? அப்புறம், பாதிக் குப்பிகளுக்கு இன்னும் வரிசையே பார்க்கவில்லை. அதற்குப் பணம் கேட்ட விண்ணப்பம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

உயிருள்ள கிருமியை எப்படி அழிப்பது என்று சுற்றறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லை. பழைய பேப்பர் கடைக்குப் போட நினைத்தீர்களோ என்னவோ.

கருத்தரங்கக் கூடத்தின் ஏசிக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டு. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களுக்குக் கிடையாது. மின்சாரம் போனால் ஆய்வு மாணவர்கள் சொந்தக் காசில் உலர்பனிக்கட்டி வாங்க ஓடுகிறார்கள். மாதக்கணக்கில் உதவித்தொகை வராத அதே மாணவர்கள்தான். விருந்தினர்களுக்கு வியர்க்காமல் இருந்தால் போதும் போலிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது இதையல்ல. இடம்தான் சிக்கல் என்றால், ஒன்றுக்கு மேல் இருக்கும் நகல்களை நாங்களே கழித்துக் கொடுக்கிறோம். கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலிகள் அடைத்திருக்கும் அறையில் இரண்டு ஃப்ரீசர் தாராளமாக நிற்கும். அதுவரை சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதையும் எழுத்தில் கொடுங்கள். காலி செய்ய வரும் ஒப்பந்ததாரரிடம் காட்ட எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவர்