ஜெனிக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

அன்புள்ள ஜெனி,

நீ தம்பிக்கு அனுப்பிய மெசேஜ் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. 'வியாழக்கிழமை பாஸ்டு அவுட், இப்போ ஓகே' என்று எழுதியிருந்தாய். அங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான ஆஸ்கி பரீட்சையில் தேறிவிட்டாய் என்று அவன் சொல்ல, மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும் அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டார். சித்தி வேர்க்காடு சந்தியாகப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். இந்தத் தெருவிலிருந்து இங்கிலாந்து போன முதல் நர்ஸ் நீதானே, பெருமை இருக்காதா.

நான் வாயைத் திறக்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிரேசல் வெர்ப், அதாவது வினைச்சொல்லோடு அவுட், அப் மாதிரி ஒரு சொல் சேர்ந்து அர்த்தம் மாறுவதை, நடத்துகிறவள் நான். நம் ஊரில் காலேஜ் முடித்தால் பாஸ் அவுட் என்போம். மாமா மகன் கோஸ்ட் கார்டு பயிற்சி முடித்து சில்காவில் நடந்தானே, அதுவும் பாசிங் அவுட் பரேடுதான். கேள்வித்தாள் கொடுப்பதையும் அமெரிக்காவில் இப்படிச் சொல்வார்கள். அப்போது எதைக் கொடுத்தார்கள் என்று கூடவே வரும், 'பாஸ் தெம் அவுட்' என்று நடுவிலும் புகும். பரீட்சையில் தேறியவள் 'பாஸ்டு' என்பதோடு நிறுத்தியிருப்பாய். அவுட் சேர்த்து, இப்போ ஓகே என்றும் எழுதினால் அங்கே அதற்கு மயங்கி விழுந்தேன் என்றுதான் அர்த்தம்.

எங்கே விழுந்தாய்? வார்டிலா, அறையிலா? தலையில் அடி பட்டதா? யாராவது பக்கத்தில் இருந்தார்களா?

சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே. 12 மணி நேரம் நிற்கிற வேலை. காலேஜ் ஹாஸ்டலிலும் இப்படித்தான், மெஸ் பிடிக்கவில்லை என்று வெறும் டீயில் நாளை ஓட்டினாய். தம்பிக்கு எழுத நேரம் இருந்தவளுக்கு எனக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? சரி, திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ.

பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, அதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். கருப்பட்டியும் எள்ளுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே, டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய். உடம்பில் வேறு ஏதாவது விஷயம் என்றாலும் என்னிடம் சொல்லலாம். நான் கோபப்பட மாட்டேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் அந்தக் காகிதத்தை அப்படியே படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு.

அம்மா