கவுன்சிலருக்கு கன்மேன், எங்க தெருவுக்கு யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம இதழ்ல நகரத்துல நடக்குற கொலைகள் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். 2024 ஜூலை 5 அன்னைக்கு சென்னை பெரம்பூர்ல பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்க வீட்டு வாசல்லயே வெட்டிக் கொன்னதுலேருந்து எல்லாம் விவரமா எழுதியிருந்தீங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கடைசில கவுன்சிலர் வரைக்கும் பதவியில இருக்குற அத்தனை பேருக்கும் துப்பாக்கியோட போலீஸ் பாதுகாப்பு குடுக்கணும்னு ஒரு வரி போட்டிருந்தீங்களே, அது மனச ரொம்ப கஷ்டப்படுத்திருச்சு. எங்க வாப்பா காலத்துலேருந்து வாங்குற இதழ்ங்கிறதால உரிமையோட எழுதுறேன்.

ஒருத்தருக்கு கன்மேன் போட்டா ஒரு போலீஸோட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாததா? பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட், வார லீவு எல்லாம் சேத்தா ஒரு பதவிக்கு மூணு நாலு பேராவது வேணும். அவங்கள ஆயுதப்படைலேருந்து எடுத்தா பந்தோபஸ்துக்கு யாரப் போடுவாங்க, எங்க ஸ்டேஷன்ல இருக்குற ரெண்டு மூணு பேரத்தான் இழுப்பாங்க. ஏற்கனவே செப்டம்பர் வந்தா பரமக்குடில இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் வந்தா பசும்பொன்ல தேவர் ஜெயந்தி, அது போக ராமேஸ்வரத்துக்கு வர்ற பெரிய ஆளுங்க. தீவுக்கு ரோட்டுல போக இருக்குறதே ஒரு பாலம், அதையும் நிப்பாட்டிருவாங்க, கடலுக்குப் போகாதீங்கன்னு போட்டையும் கரையில கட்ட வச்சிருவாங்க, அன்னைக்குப் போன கூலிய யாரும் திருப்பித் தந்ததில்ல. பிரதமர் வந்தா வேணும், ஒத்துக்குறேன், ராஜீவ் காந்திய ஸ்ரீபெரும்புதூர்ல பறிகொடுத்த மாநிலம் இது, அன்னைக்கு டூட்டியில இருந்த போலீஸ்காரங்களும் சேந்துதான் செத்தாங்க. அதுக்காக எல்லாருக்குமா?

எங்க தெருவுல பாதிக்கு மேல சபராளி வீடுங்க, ஆம்பளைங்க துபாய்லயும் சவூதிலயும் இருக்காங்க, வீட்டுல நாங்களும் வயசானவங்களும் புள்ளைங்களும்தான். சாயங்காலம் மஹ்ரிப் தொழுகைக்கு அப்புறம் பக்கத்து வீட்டுலேருந்து வந்த எங்க உம்மா கழுத்துல கெடந்த செயின பைக்ல வந்த ரெண்டு பயலுக அறுத்துட்டுப் போயிட்டானுங்க, உம்மா கீழ விழுந்து கையி முறிஞ்சு போச்சு. ஸ்டேஷனுக்குப் போனா எழுதுறதுக்கு ஆளே இல்ல, எல்லாரும் விஐபி டூட்டின்னாங்க, ராத்திரி வரைக்கும் உக்கார வச்சு கடைசில புகார் வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர்.ங்கிற ரசீது மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க. வாரண்ட் இல்லாமலே கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லிருச்சு. ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல செயின் பறிப்புக்குன்னே 304வது பிரிவு வந்திருக்கு. சட்டமெல்லாம் இருக்கு, எழுதிக்கிறதுக்கு ஆளு எங்க? வெளிநாட்டுல இருக்குற எங்க மச்சானுக்கு அத போன்ல சொல்றதுக்குள்ள எனக்கு அழுகையே வந்திருச்சு.

ஆபத்துல இருக்குற அதிகாரிக்குப் பாதுகாப்பே வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். பக்கத்து தூத்துக்குடி மாவட்டத்துல மணல் திருட்டப் புகார் பண்ணுன வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ 2023 ஏப்ரல்ல ஆபீசுக்குள்ளயே புகுந்து வெட்டுனாங்களே, அந்த மனுசனுக்கு யாரு துப்பாக்கியோட நின்னா? ஆடு திருடுனவங்கள விரட்டிட்டுப் போன எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் 2021 நவம்பர்ல கீரனூர் பக்கம் உசுர விட்டாரு, ராத்திரில கூட ஒரு ஆள் இல்லாம தனியாப் போயிருந்தாரு. உண்மையில உசுருக்குப் பயந்து வேல பாக்குறது இவங்கதான். ஆபத்து யாருக்குன்னு பாத்து குடுங்கன்னு நீங்க எழுதியிருந்தா நானே பத்து பேருக்குப் படிச்சுக் காட்டியிருப்பேன். பதவியப் பாத்து குடுங்கன்னு எழுதிட்டீங்க. கல்யாண வீட்டுல கன்மேனோட வந்து எறங்குறத கௌரவமா நெனைக்கிற ஆளுங்களுக்கு அந்த வரி போதும்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். முன்னாடி எங்க பள்ளிவாசல் சுவத்துல ஒரு பட்டா புக் தொங்கும், ராத்திரி ரவுண்ட்ஸ் வர்ற போலீஸ் அதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரு, காலைல அதப் பாத்தா வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஒரு தைரியம். இப்ப அது இல்ல. அத மறுபடி தொங்க விட்டு தெனமும் ஒரு ஆள வரச் சொல்லி எஸ்.பி.க்கு நம்ம இதழ்ல நாலு வரி எழுதுங்க, மாவட்டப் பக்கத்துல ஒரு மூலையில வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டம்.