உடைஞ்ச ஊசிக் கணக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு. மாடிப்படி ஏறாதீங்கன்னு டாக்டர் சொன்னதை மட்டும் காதுலயே போட்டுக்கறதில்ல. சின்னவனுக்குப் பரீட்சை முடிஞ்சிடுச்சு. பெரியம்மா அந்தப் பேச்சை இன்னும் விட்டபாடில்ல, அது உன் பாடு. சேதி இவ்வளவுதான்.

போன் பண்ணா "ஃபேக்டரியில இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்"ங்கற. அந்த அப்புறம் வர்றதே இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸப்புல ஆன்லைன்னு காட்டுது. அந்நேரத்துக்கு நான் எதுக்கு முழிச்சிருந்தேன்னு கேக்காத, நீ எதுக்கு முழிச்சிருக்க? இது போதாதுன்னு இந்த மாசம் மறுபடியும் பணம் வந்திருக்கு. இங்க யாரும் கேக்கலையே, எதுக்கு அனுப்பின?

சரி, அதை விடு.

போன தடவை பேசிட்டிருக்கும்போது திடீர்னு கேட்டியே, "உங்க காலத்துல ஆடிட்டர் வந்தா என்னம்மா சொல்லுவீங்க"ன்னு. நான் கார்மெண்ட் கம்பெனியில தைச்சிட்டிருந்தப்ப, தொழிலாளிங்களை ஒழுங்கா நடத்தறாங்களான்னு பார்க்க வருவாங்களே, இப்ப நீ பார்க்கற அதே வேலை, அந்த ஆடிட்டர். அதெல்லாம் பழைய கதைன்னு நான் பேச்சை மாத்திட்டேன். அதுக்கப்புறம்தான் உன் குரலே சரியில்ல. அதனால கேட்டதுக்கு இப்ப பதில் எழுதறேன். போன்ல சொன்னா பாதியில உன்னை யாராவது கூப்பிட்டுடுவாங்க.

பொய்தான் சொல்லுவோம்.

முந்தின நாளே லைன் சூப்பர்வைசர் வந்து பாடம் நடத்திடுவாரு. வேலை எத்தனை மணி நேரம்? எட்டு. ஓவர்டைம் கட்டாயமா? இல்லைங்க, இஷ்டப்பட்டவங்க மட்டும். யாராவது கெட்ட வார்த்தை பேசறாங்களா? இல்லவே இல்ல. திருப்பித் திருப்பிச் சொல்ல வைப்பாரு. அன்னைக்குக் காலையில பாத்ரூம்ல சோப்பு இருக்கும், தண்ணி வரும். கட்டிங் மாஸ்டர் கையில இரும்பு வலை கிளவுஸ் ஏறிடும். ஓவர்லாக் போடறவங்க மூஞ்சியில புது மாஸ்க், மடிப்பு கூடப் பிரியாம இருக்கும். மெஷினுக்கெல்லாம் ஊசிக் காப்பு மாட்டுவாங்க, மறுநாளே கழட்டிடுவாங்க, அது இருந்தா நூல் கோக்க நேரமாகும், டார்கெட் விழாதுன்னு. வயசு பத்தாத புள்ளைங்களைப் பின்கேட் வழியா அனுப்பிடுவாங்க. வருகைப் பதிவு ரெண்டு இருக்கும், ஆடிட்டர் மேசைக்குப் போறது ஒண்ணு, சம்பளம் போடறது இன்னொண்ணு.

பேட்டிக்கு யாரை அனுப்பறதுன்னு அவங்களே பார்த்து வச்சிருப்பாங்க. நிறைய தடவை நான்தான். நல்லாப் பேசுவேனாம். எச்ஆர் ரூம்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கும், உன்னை மாதிரியே கழுத்துல அட்டை போட்டுக்கிட்டு. கதவு பாதி திறந்திருக்கும், வெளியில சூப்பர்வைசரோட செருப்பு தெரியும். அந்தப் பொண்ணு கேக்கும், நான் ஒப்பிப்பேன், அது எழுதிக்கும்.

இதுக்காக நான் வெக்கப்படல. இன்னைக்குக் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன். உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? ரிப்போர்ட்ல ஏறும். சரக்கு வாங்கற பிராண்டுக்காரன், அதான் பையர், ஆர்டரைத் தூக்கி வேற கம்பெனிக்குக் குடுத்துட்டுக் கை கழுவிடுவான். லைன் நிக்கும். உள்ள இருக்கற நாங்க வெளியில நிப்போம். எங்களைக் காப்பாத்தறதுக்குன்னு நடக்கற ஆடிட்டுல உண்மை சொன்னா முதல்ல வேலை போறது எங்களுக்குத்தான். நீ படிச்ச படிப்பு அந்தப் பொய்யிலதான் நடந்தது. குத்திக் காட்டறேன்னு நினைக்காத. இப்ப நீ அந்த நாற்காலியில உக்காந்திருக்கறது எனக்கு எவ்வளவு பெருமைன்னு பெரியம்மாகிட்ட கேளு. ஆனா அந்த நாற்காலியில உக்காந்தவங்களை நாங்க எப்படிப் பார்த்தோம்னு உனக்குத் தெரியணும், தெரியாம இருக்கக் கூடாது.

அதனால பொண்ணுங்ககிட்டப் பேசறதா இருந்தா கம்பெனிக்கு வெளியில வச்சுப் பேசு. அவங்க தங்கற இடத்துல, லீவு நாள்ல. அட்டையைக் கழட்டி பையில போட்டுட்டுப் பேசு.

என் இடது ஆள்காட்டி விரல் உனக்குத் தெரியும். சின்ன வயசுல அதைப் பிடிச்சு அமுக்கிப் பார்ப்ப, நகம் ஏன் இப்படி இருக்குன்னு. ஊசி ஏறிடுச்சுன்னு மட்டும் சொல்லிருக்கேன். மீதியைச் சொன்னதில்ல. நகத்து வழியா இறங்கி ஊசி உள்ளயே உடைஞ்சுடுச்சு. மெஷினை நிறுத்திட்டுப் பக்கத்துல இருந்தவ கத்தினா. சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. வந்தவரு கேட்ட முதல் கேள்வி, "முனை எங்க?"

உனக்கு ஏன்னு புரியும். உடைஞ்ச ஊசியில ஒரு துண்டு துணியோட போயிடக் கூடாது. அதுவும் அன்னைக்கு ஓடினது குழந்தைங்க சட்டை. அங்க ஒரு குழந்தைக்குக் குத்திடுச்சுன்னா பிராண்டு பேரே போச்சு. அதனால ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டும் கிடைக்கணும், ரெஜிஸ்டர்ல டேப் போட்டு ஒட்டணும், தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதணும். துண்டு கிடைக்கலைன்னா அந்த பண்டில் முழுசையும் தனியா எடுத்து மெட்டல் டிடெக்டர்ல விடணும். என் விரல்ல இருந்து எடுத்த முனையைத் துடைச்சு, ஒட்டி, எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் கட்டுத் துணி வந்தது. எனக்கு அடிபட்டது எந்த ரெஜிஸ்டர்லயும் ஏறல.

அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒண்ணுதான் தோணும். எங்க கம்பெனியில எதுவுமே ஒழுங்கா நடக்கலைன்னு சொல்ல முடியாது. ஊசிக் கணக்கு ஒழுங்கா நடந்தது. ராத்திரி எத்தனை மணியானாலும் நடந்தது. பையர் அதுல மட்டும் சமாதானம் ஆகவே மாட்டான்னு முதலாளிக்குத் தெரியும். பிராண்டுக்குத் தூரத்துல இருக்கற ஃபேக்டரியைக் கட்டுப்படுத்த முடியாதுன்னு யாராவது உன்கிட்டச் சொன்னா நம்பாத. பையர் நிஜமாவே வேணும்னு நினைச்சதை வாங்கிட்டான்.

நீ இந்த வேலைக்குப் போனதுல இருந்து சின்னவனைப் படிச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டிருக்கேன். கராச்சியில அலி எண்டர்பிரைசஸ்னு ஒரு ஃபேக்டரி, 2012 செப்டம்பர்ல எரிஞ்சதே, 250 பேருக்கு மேல போயிட்டாங்க. சில வாரம் முன்னாடிதான் அதுக்கு எஸ்ஏ 8000 சர்டிபிகேட் குடுத்திருந்தாங்களாம், தொழிலாளிங்களை ஒழுங்கா நடத்தற இடம்னு. தீ வச்சாங்கன்னு கேஸ் பின்னாடி வேற பக்கம் போச்சு. யாரு வச்சிருந்தாலும், ஜன்னல்ல கம்பி, கதவுல பூட்டு, வெளிய வர வழியில்ல. சர்டிபிகேட்டுக்குக் கையெழுத்துப் போட்டவங்க யாருன்னு சின்னவனைக் கேட்டேன். எதுக்கும்மான்னான். சும்மாதான்னேன்.

நீ தூங்கணும் கண்ணு. தூங்காம எடுக்கற எந்த முடிவும் சரியா வராது.

அதுக்கு அடுத்த வருஷம், 2013 ஏப்ரல்ல, ராணா பிளாசா. தையல் ஃபேக்டரிங்க இருந்த மாடிக் கட்டடம். டாக்கா பக்கம், சவார்ல. 23-ந்தேதி சுவத்துல விரிசல். கீழ இருந்த பேங்க் தன் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. மேல தைக்கறவங்களை மறுநாள் வரச் சொன்னாங்க, வரலைன்னா சம்பளம் கிடையாதுன்னு மிரட்டி. 24-ந்தேதி காலையில கட்டடம் இடிஞ்சு இறங்கிடுச்சு, 1,100 பேருக்கு மேல போயிட்டாங்க. அங்கயும் முன்னாடி ஆடிட் நடந்த கம்பெனி இருந்தது. கட்டடத்தைப் பார்க்கறது ஆடிட்டர் வேலையில சேரலையாம். ஆனா அந்தப் பொண்ணுங்களுக்கு விரிசல் தெரியும். கண்ணால பார்த்தாங்க. மேல ஏற மாட்டோம்னு நின்னா வேலை போகாதுங்கற தைரியம்தான் அவங்களுக்கு இல்ல.

அதுக்கப்புறம் வந்த ஒப்பந்தத்தைப் பத்தி என்னைவிட உனக்குத்தான் தெரியும். 2013 மே மாசம், அக்கார்டு, பங்களாதேஷ் ஃபேக்டரிங்க பாதுகாப்புக்காக. 200-க்கும் மேல பிராண்டும் சங்கங்களும் கையெழுத்துப் போட்டது. எனக்கு அதுல பிடிச்சது மூணு விஷயம். ஆபத்துன்னு தெரிஞ்சா வேலை செய்ய மாட்டேன்னு தொழிலாளி சொல்லலாம். ரிப்போர்ட்டை மூடி வைக்காம வெளியில போட்டாங்க. பிராண்டு பேச்சு மாறினா சங்கம் வழக்குக்கே போகலாம். போகவும் போனாங்க. ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரைக்கும் போய், 2018-ல ஒரு பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒத்துக்கிச்சு. எங்க காலத்து ஆடிட்ல தப்புன்னா அது எப்பவும் முதலாளி தப்பு. பையர் பேரே அந்தப் பேப்பர்ல வராது.

வரணும். நீ பார்க்கற லைன்ல ராத்திரி பத்து வரைக்கும் ஓடுதுன்னா, ஏன் ஓடுதுன்னு கேளு. முதலாளி நல்லவன்னு நான் சொல்ல வரல, எனக்குத் தெரியாத முதலாளியா. ஆனா சாம்பிளைக் கடைசி வாரத்துல மாத்தினது யாரு? ஷிப்மெண்ட் தேதியை ஒரு நாள் கூட நகர்த்த மாட்டேன்னது யாரு? பீஸுக்கு அஞ்சு காசு குறைன்னு அடம் பிடிச்சது யாரு? 2020-ல கொரோனான்னதும் தைச்சு முடிச்சுக் கட்டி வச்ச சரக்குக்குக் கூடக் காசு தர மாட்டேன்னாங்களே, அவங்க எல்லாரும் சுவத்துல நடத்தை விதின்னு அழகா பிரேம் போட்டு மாட்டச் சொன்னவங்கதான். ஒரே ஆபீஸ்ல ஒரு மாடியில விதி எழுதறான், இன்னொரு மாடியில விலையை நசுக்கறான். நீ எந்த மாடின்னு நான் கேக்கல.

ஜெர்மனியில 2023-ல சட்டமே அமலுக்கு வந்துச்சுன்னு சின்னவன் சொன்னான், சப்ளை பண்றவங்க இடத்துல நடக்கறதுக்குப் பெரிய கம்பெனியும் பதில் சொல்லணும்னு. நல்லதுதான். ஆனா பதில் சொல்லணும்னா காட்டறதுக்குப் பேப்பர் வேணும். பேப்பர் தயார் பண்றது உங்களை மாதிரிப் புள்ளைங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கையெழுத்து யாருதுன்னு தேடுவாங்க.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வேணாம். நீயா சொல்லும்போது சொல்லு.

உனக்குத் தெரிஞ்சிருக்கலாம், தெரியாம இருந்தா பார்த்துக்கோ. டைம் கார்டை நம்பாத, அதை எப்படி வேணும்னாலும் எழுதிடுவாங்க. ஊசி ரெஜிஸ்டரைக் கேளு. கேட்டா சந்தோஷமா எடுத்துக் குடுப்பாங்க, அதுல அவங்களுக்கு மார்க் கிடைக்கும்னு நினைப்பு. தேதியையும் நேரத்தையும் பாரு. டைம் கார்டுல லீவுன்னு போட்ட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊசி உடைஞ்சிருந்தா, அன்னைக்கு யாரோ தைச்சிருக்கா. எங்க கம்பெனி ரெஜிஸ்டர்ல அப்படி எத்தனையோ இருந்தது. வந்த பொண்ணுங்க ஒருத்தியாவது புரட்டிப் பார்ப்பாளான்னு நான் காத்துக்கிட்டே இருந்திருக்கேன். வாயால சொல்ல முடியாதது அதுல இருந்தது.

பார்த்து எழுதினா ஆர்டரை நிறுத்துன்னு எழுதாத. இருந்து சரி பண்ணுன்னு எழுது, விலையைக் கூட்டுன்னு எழுது. எழுத விடலைன்னா அப்ப யோசிக்கலாம். வெளியில வச்சுப் பேசு, மறந்துடாத. எழுதி முடிச்ச ரிப்போர்ட்டைக் கூடத் திருத்த முடியும்னு சின்னவன் சொல்றான், எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாரு.

ரெண்டாவதா வந்த பணத்தை உன் கணக்குக்கே திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன். வேலையை விடறதா இருந்தா அது உனக்கு வேணும். விடாம இருந்தா அடுத்த மாசம் எப்பவும் போல அனுப்பு, போதும். அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லல. ஞாயித்துக்கிழமை மதியம் அவரு படுத்துடுவாரு, அப்பக் கூப்பிடு. போனை நான் மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.

அம்மா