பெய்லியா கனிப்பலா: மாப்ளைக்கு ஒரு லெட்டர்

23 ஜூன் 2025

மாப்ள,

உன் மெயில் போன வாரமே பாத்துட்டேன்டா. அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல உக்காந்து எழுத நேரமே கெடைக்கல. இப்ப நல்லா இருக்காங்க, ராத்திரி சீரியல் பாக்கற அளவுக்கு தெம்பாயிட்டாங்க, உன்ன ரொம்ப கேட்டாங்க. பாப்பா ப்ளஸ் டூ மார்க் கேட்டு வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், அவ இஷ்டப்பட்ட கோர்ஸ்லயே சேத்து விடு, பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான்னு மாத்தாத.

இன்னிக்கு காலைல என்பிஏ பாஸ்கெட்பால் ஃபைனல்ஸ் ஏழாவது கேம் பாத்தியா? இண்டியானா பேசர்ஸ் ஹாலிபர்ட்டன் முதல் குவார்ட்டர்லயே மூணு த்ரீ (தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) போட்டுட்டு சூப்பரா ஆரம்பிச்சான், அப்புறம் ஒரு அடி எடுத்து வச்சான் பாரு, அப்படியே விழுந்து கையால தரைய அடிச்சு அடிச்சு அழுதான். குதிகால் தசைநார் (அக்கிலீஸ்) போச்சாம். எனக்கு மனசே கேக்கல மாப்ள. எதிர் டீம் ஓக்லஹோமா தண்டர் 103-91னு ஜெயிச்சுட்டானுங்க, நியாயமா நல்ல டீம்தான், ஆனா அதுக்கப்புறம் கேம்ல என்னால மனசு வைக்கவே முடியல.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். இந்த வார என்பிஏ டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது பசங்கள எடுக்கறது) ரட்கர்ஸ் காலேஜ் ஏஸ் பெய்லிதான் மூணாவது பிக்கா போகணும், இன்னும் பத்து வருஷம் கழிச்சு பாத்தா இந்த டிராஃப்ட்லயே ட்யூக் காலேஜ் கூப்பர் ஃப்ளாக்குக்கு அடுத்து அவன்தான் இருப்பான்னு அடிச்சு எழுதிருக்க. நான் அதுக்கு ஒத்துக்கவே மாட்டேன், ஏன்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன், கோவப்படாம படி.

பெய்லியோட ஷாட் அழகுதான், அதுல சந்தேகமே இல்ல. ஜனவரில இண்டியானா காலேஜ் கூட 39 போட்டான்ல, அதுல பாதி ஷாட் மூஞ்சிக்கு நேரா கை இருக்கும்போதே போட்டது. அந்த மாதிரி போடறவன் உலகத்துல ரொம்ப கம்மி. ஆனா அதே கேம்ல ரட்கர்ஸ் தோத்துச்சு. சீசன் பூரா அப்படித்தான், ஹார்ப்பர், பெய்லின்னு ரெண்டு பேரும் டாப் 5ல போவாங்கன்னு எல்லாரும் சொல்ற ஒரு டீம், 15 ஜெயிச்சு 17 தோத்து, மார்ச்ல நடக்கற காலேஜ் சாம்பியன்ஷிப்புக்கே போகல. அது அவன் ஒருத்தன் தப்புன்னு நான் சொல்ல வரல, மத்த பசங்க சுமார்தான். ஆனா கேமுக்கு 17.6 பாயிண்ட் போடற ஒருத்தன், ரெண்டு டிஃபெண்டர் ஓடி வர்ற அளவுக்கு ஆபத்தானவன், அவனுக்கு அசிஸ்ட் (அடுத்தவன் பாயிண்ட் போட குடுக்கற பாஸ்) வெறும் 1.3ன்னா என்ன அர்த்தம்? பக்கத்துல ஒருத்தன் சும்மா நிக்கறது அவன் கண்ணுக்கு தெரியல, இல்ல தெரிஞ்சும் குடுக்கல. என்பிஏல அவனுக்கு அந்த அளவுக்கு பால் கைல தரவே மாட்டானுங்க, அப்ப அவன் என்ன பண்ணுவான்ங்கறதுதான் என் கேள்வி.

காலேஜ்ல எவ்ளோ பாயிண்ட் போட்டான்னு பாக்கறதுல எனக்கு நம்பிக்கையே போயிடுச்சுடா. அது பாதி கோச் முடிவு பண்றது, யாருக்கு பால் தர்றது, எந்த லெவல் டீம் எதிர்ல, இதெல்லாம் சேந்துதான் அந்த நம்பர். ஜிம்மர் ஃப்ரெடெட் ஞாபகம் இருக்கா, 2011ல பிஒய்யூ காலேஜ், கேமுக்கு 28.9, நாட்லயே டாப், பத்தாவது பிக்கா போனான், என்பிஏல நிக்கவே முடியல. அதே டிராஃப்ட்ல 15வதா போன கவாய் லெனார்ட் சான் டியேகோ ஸ்டேட்ல த்ரீ போட்டா நாலுக்கு ஒண்ணுதான் விழும், ஆனா கை நீளம், ரீபவுண்ட், டிஃபென்ஸ் எல்லாம் அப்பவே இருந்துச்சு. பாயிண்ட் இங்கருந்து அங்க அப்படியே போகாது. எது போகும்னா, கையோட டச் போகும், பாஸ் எப்ப விடணும்ங்கற புத்தி போகும், கை நீளம் போகும்.

டச்ச எப்படி பாக்கறதுன்னு கேப்ப. நான் முதல்ல பாக்கறது ஃபவுலுக்கு அப்புறம் கோட்டுல நின்னு தனியா போடற ஃப்ரீ த்ரோதான். காலேஜ் த்ரீ லைன் 22 அடிக்கு கொஞ்சம் மேல, என்பிஏ 23 அடி 9 இன்ச், அதுவும் ஒரு சீசன்ல நூத்தம்பது ஷாட் போட்டிருப்பான், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஆனா ஃப்ரீ த்ரோ எங்க போனாலும் அதே 15 அடி, எதிர்ல ஒருத்தனும் இல்ல, பொய் சொல்லாது. 2017 எடுத்துக்கோ. ஃபிலடெல்ஃபியா 76ers ட்ரேட் பண்ணி முதல் பிக் வாங்கி வாஷிங்டன் பையன் ஃபுல்ட்ஸ எடுத்தாங்க, காலேஜ்ல த்ரீ 41 பெர்சண்ட், ஆஹான்னாங்க, ஆனா ஃப்ரீ த்ரோ 65 பெர்சண்ட்தான். பாஸ்டன் மூணாவதா டேட்டம எடுத்தாங்க, ட்யூக்ல த்ரீ வெறும் 34, ஃப்ரீ த்ரோ 85. அப்புறம் டேட்டம் ஸ்டாராயிட்டான், ஃபுல்ட்ஸ் எதிர்பாத்த அளவுக்கு வரல, உனக்கே தெரியும். ஃபுல்ட்ஸுக்கு தோள்ல நரம்பு பிரச்சனை வந்தது பாவம், அது வேற விஷயம், ஆனா அந்த 65 அப்பவே எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்துச்சுடா.

இப்ப அதே 76ers கைல மூணாவது பிக். பெய்லி ஃப்ரீ த்ரோ 69. ட்யூக்ல ஃப்ளாக் கூட ஆடின கான் கனிப்பல் 91. அதான் என் ஆளு.

கனிப்பல பத்தி நீ ஒரே வரில "ஓட முடியாத வெள்ளக்கார பையன்"னு முடிச்சுட்ட. அது அநியாயம். சரி, வேகம் கம்மிதான், டிஃபென்ஸ்ல வேகமான கார்டு (வெளில இருந்து பால் ஓட்டிட்டு வர்ற ஆளு) அவன தாண்டி போவான், அத நான் மறைக்கல. ஆனா ட்யூக் கேம்ல ஃப்ளாக்க விட்டுட்டு அவன மட்டும் பாத்தியா எப்பவாச்சும்? பால் கைல இல்லாதப்ப அவன் ஒரு செகண்ட் சும்மா நிக்க மாட்டான், ஸ்க்ரீன் போடுவான், அந்த ஸ்க்ரீன்ல இருந்து ரெண்டடி நகந்து கார்னருக்கு போவான், பால் வந்தா போடுவான், ஒருத்தன் பறந்து வந்தா ஒரே ஒரு தடவை பால தரைல தட்டி, உடம்ப வச்சு இடிச்சு நிறுத்தி, உள்ள பெரிய ஆளுக்கு தூக்கி விடுவான். ஏசிசி (ட்யூக் ஆடற காலேஜ் லீக்) டோர்னமெண்ட்ல ஃப்ளாக் கணுக்கால் மடங்கி வெளில உக்காந்துட்டான், அப்ப டீம தூக்கிட்டு போய் கப் வாங்கி குடுத்தது யாரு, எம்விபி (சிறந்த ஆட்டக்காரன்) யாருக்கு குடுத்தாங்க? இவனுக்குத்தான். சாயங்காலம் இங்க க்ரவுண்ட்ல பசங்களுக்கு சொல்லி குடுக்கறப்ப எனக்கு தினமும் தெரியுது, ஷாட் போட எல்லாரும் கத்துக்கறான், பால் கைல இல்லாதப்ப எங்க நிக்கணும்னு தெரிஞ்சவன் பத்துல ஒருத்தன்.

இருந்தாலும் ஃபிலடெல்ஃபியால நான் உக்காந்திருந்தா மூணாவதா எட்ஜ்கோம்பதான் எடுப்பேன். பேய்லர் காலேஜ் பையன், பஹாமாஸ்ல பிமினின்னு ஒரு சின்ன தீவுல இருந்து வந்தவன், கேமுக்கு ரெண்டு ஸ்டீல் (எதிராளி பால பறிக்கறது), குதிச்சா ஆள் எங்க இருக்கான்னே தெரியாது. போன வருஷம் ஒலிம்பிக் குவாலிஃபையர்ல அந்த வயசுலயே நாட்டுக்காக பெரியவங்க கூட ஆடினான். அங்க இருக்கற கார்டு மேக்ஸி பக்கத்துல டிஃபென்ஸ் பண்ண ஒருத்தன் வேணும், அவங்க பெரிய ஆளு எம்பீட் 19 கேம்தான் ஆடிருக்கான் இந்த சீசன், ஓடற டீமா மாறித்தான் ஆகணும். நாலாவது சார்லட், அங்க பாஸ் பண்ற லமெலோவுக்கு கார்னர்ல நம்பி விடறதுக்கு ஒரு கை வேணும், கனிப்பல் அங்க போனா நான் இனிப்பு வாங்கி தெருவுக்கே குடுப்பேன்.

பெய்லி ஒரு டீமுக்கும் வொர்க்அவுட் (டீம் முன்னாடி ஆடி காட்டறது) பண்ணல, ஃபிலடெல்ஃபியா போறதா இருந்தத கேன்சல் பண்ணிட்டான்னு நியூஸ்ல திட்றாங்கல்ல, அதுல நான் பெய்லி பக்கம். பதினெட்டு வயசு பையன், எந்த ஊர்ல வாழணும்னு அவனுக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா? எல்லா வேலைலயும் நாமதான கம்பெனி பாத்து சேர்றோம், இவனுக்கு மட்டும் சீட்டு போட்டு அனுப்பறாங்க. ஆனா அவன் கேரக்டரே சரியில்லன்னு எழுதறவனுங்க யாரும் அவன் கூட ஒரு நாள் இருந்ததில்ல. எனக்கு அவன் ஆட்டத்துல மட்டும்தான் கேள்வி. அப்புறம் உயரம், ரட்கர்ஸ் லிஸ்ட்ல 6 அடி 10ன்னு போட்டிருந்தாங்க, சிகாகோ காம்பைன்ல (டிராஃப்டுக்கு முன்னாடி அளவெடுக்கற கேம்ப்) ஷூ இல்லாம அளந்தா 6 அடி 7.5. அதுவும் நல்ல உயரம்தான், ஆனா 6 அடி 10 ஆளு எல்லார் தலைக்கு மேலயும் போடுவான்ங்கற உன் கணக்கு மாறுதுல்ல.

அளவு எடுக்கறதே வேஸ்ட்னு நீ சொன்னது முழுசா சரியில்ல. ட்யூரன்ட் 2007ல 185 பவுண்ட் பாரத்த ஒரு தடவை கூட தூக்கலன்னு எவ்ளோ பேசினாங்க, அந்த அளவு ஒண்ணுத்துக்கும் ஆகலதான். போர்ட்லாண்ட் முதல் பிக்ல அவன விட்டுட்டு ஓடன்ங்கற பையன எடுத்தாங்க, பாவம் அவன் முட்டி போய் மொத்தம் 105 கேம்தான் ஆட முடிஞ்சுச்சு, நேத்து கூட ட்யூரன்ட ஹூஸ்டன் பத்தாவது பிக் எல்லாம் குடுத்து வாங்கறான் 36 வயசுல. ஆனா கை நீளம் அப்படியில்ல. இன்னிக்கு கப் தூக்கின ஜேலன் வில்லியம்ஸ பாரு, சான்டா க்ளாரான்னு சின்ன காலேஜ், மூணு வருஷம் இருந்தான், காம்பைனுக்கு அப்புறம்தான் எல்லாரும் திரும்பி பாத்தாங்க, கை விரிச்சா 7 அடி 2 இன்ச், 12வதா போனான், ஃபைனல்ஸ் அஞ்சாவது கேம்ல 40 போட்டான். அதனாலதான் இந்த வருஷம் நான் செட்ரிக் கவர்ட் மேல ஒரு கண்ணு வச்சிருக்கேன். ஸ்காலர்ஷிப்பே இல்லாத டிவிஷன் 3ல வில்லமெட்னு ஒரு காலேஜ்ல ஆரம்பிச்சு, ஈஸ்டர்ன் வாஷிங்டன் போய், வாஷிங்டன் ஸ்டேட் வந்து, அங்க ஆறே கேம் ஆடினதும் தோள் போயிடுச்சு. அவனுக்கும் 7 அடி 2 கை. லாட்டரிக்குள்ள (முதல் 14 பிக்) போயிடுவான்னு நெனைக்கறேன், போகணும்.

ஃப்ளாக் பத்தி நாம சண்டை போட ஒண்ணுமில்ல. 1.8 பெர்சண்ட் சான்ஸ்ல டல்லாஸுக்கு முதல் பிக் லாட்டரி அடிச்சுது, பிப்ரவரில ஸ்டார் லூக்காவ அனுப்பின கடுப்புல இருந்த அந்த ஊர் ரசிகனுங்களுக்கு சாமியா பாத்து குடுத்த மாதிரி. 19.2 பாயிண்ட், 7.5 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட், அதெல்லாம் விடு, நான் திரும்ப திரும்ப போட்டு பாக்கறது காலேஜ் செமிஃபைனல்ல ஹூஸ்டன் காலேஜ் கூட தோத்த அந்த கடைசி நிமிஷம்தான். ஆறு பாயிண்ட் லீட் போய் ஒரே பாயிண்ட்ல நிக்குது, ட்யூக் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோ மிஸ், ரீபவுண்டுக்கு ஃப்ளாக் முதுகு மேல கை வச்சான்னு ஃபவுல் குடுத்துட்டாங்க, ஹூஸ்டன் ராபர்ட்ஸ் ரெண்டும் போட்டுட்டான். அடுத்த பால யாரையும் பாக்காம அவனே கேட்டு வாங்கி, உள்ள போய், திரும்பி போட்டான். ஷார்ட், ரிம் முன்னாடி பட்டு வெளில வந்துச்சு. ஆனா நல்ல ஷாட்டுடா அது, அவனுக்கு புடிச்ச இடம், பேலன்ஸ் இருந்துச்சு, பதட்டமே இல்ல. டிசம்பர்ல 18 முடிஞ்ச பையன். விழுந்துச்சா இல்லையான்னு பாத்து எடை போட்டா நமக்குத்தான் நஷ்டம், என்ன ஷாட் எடுத்தான்னு பாக்கணும்.

ஹார்ப்பர் ரெண்டாவது, ஸ்பர்ஸ். ஃபாக்ஸ் இருக்கான், காஸில் இருக்கான், எதுக்கு இன்னொரு கார்டுன்னு கேக்கறாங்க. இடம் இல்லன்னு நல்ல ஆள விடக்கூடாதுடா, 1984ல போர்ட்லாண்ட் ட்ரெக்ஸ்லர் இருக்கான்னு ஜோர்டன விட்டுட்டு, காலு உடைஞ்சு ரெண்டு சீசன் உக்காந்திருந்த போவிய எடுத்தாங்கல்ல.

இன்னொண்ணு, இப்ப காலேஜ்லயே நல்ல காசு வர்றதால பாதி பசங்க பேர் குடுத்துட்டு வாபஸ் வாங்கிட்டானுங்க, ரெண்டாவது ரவுண்டு இந்த தடவை காத்தாடும். ஆனா ஃப்ளோரிடா காலேஜ் கிளேட்டன மறந்துடாத, 22 வயசுன்னு ஒதுக்குவாங்க, காலேஜ் செமிஃபைனல்ல (ஃபைனல் ஃபோர்) ஆபர்ன் கூட 34 போட்டு கப் வாங்கினவன். இப்ப நியூயார்க் ஸ்டாரா இருக்கற ப்ரன்சனையும் இப்படித்தான் வயசாச்சு, குள்ளம்னு 33 வரைக்கும் தள்ளினாங்க.

நமக்கு வியாழக்கிழமை காலைல அஞ்சரைக்கு ஆரம்பிக்குது. அலாரம் வச்சுட்டு எந்திரி, நாலாவது பிக் சொன்ன உடனே போன் பண்ணு, பெய்லி மூணாவதா போனாலும் பண்ணு. ஜூலைல ஊருக்கு வர்றப்ப ஷூ எடுத்துட்டு வா, பசங்க கிட்ட நீ வர்றத சொல்லிட்டேன். அம்மா உனக்கு எலுமிச்ச ஊறுகா போட்டு வச்சிருக்காங்க, வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

அன்போட,
உன் மச்சான்